ஆட்ட மேசையும் மின்னூலும்

ஆட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வெற்றியும் தோல்வியுமே பெரும்பாலார் மனத்தில் எழும். சதுரங்கத்தில் அரசன் அகப்பட்டால் ஆட்டம் முடிந்தது. தாயத்தில் காய்கள் பழமானால் ஆட்டம் முடிந்தது. வென்றவர் என்று எவரும் இல்லாமல், தோற்றவர் என்றும் எவரும் இல்லாமல், மாதக்கணக்காகவும் சில வேளைகளில் ஆண்டுக்கணக்காகவும் தொடரும் ஆட்டமொன்று உண்டென்றால் அது புதுமையாகவே தோன்றும். மேற்கு நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவரும் பாத்திரமேற்கும் ஆட்டம் அத்தகையது.

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கதைமாந்தரை வகுத்துக்கொள்கின்றனர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, மற்றொருவர் கள்வர். நடுவர் காட்சியைச் சொல்கிறார்: "மலையடிவாரத்தில் ஒரு குகை, உள்ளேயிருந்து மூச்சுவிடும் ஓசை கேட்கிறது, இப்பொழுது என்ன செய்கிறீர்கள்?" தத்தம் பாத்திரம் செய்வதை ஆடுவோர் வாயால் உரைக்கின்றனர். அச்செயல் கைகூடுமோ கூடாதோ என்பது ஐயமாகும்போது பகடை உருட்டப்படுகிறது. நான்கு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என அப்பகடைகள் பலவகைப்படும். மேடை இல்லை, வேடம் புனைதலும் இல்லை. குரலும் கற்பனையுமே அங்கே ஓர் உலகத்தைப் படைக்கின்றன. வானொலி நாடகம் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இந்த வித்தை விளங்காததன்று.

குரலால் நடக்கும் ஆட்டத்துக்கு நூல் எதற்கு என்ற வினா இங்கே எழுதல் இயல்பு. கற்பனைக்கு எல்லை இல்லை. எல்லை இல்லாத இடத்தில் இணக்கம் நிலைப்பதும் அரிது. பாலத்திலிருந்து குதிக்கும் வீரன் பிழைப்பானா, மந்திரவாதி எறிந்த நெருப்பு எத்தனை அடி தூரம் பரவும், இருளில் ஒளிந்த கள்வன் காவலன் கண்ணுக்குத் தப்புவானா என்பவற்றை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி சொல்லத் தொடங்கினால் ஆட்டம் வழக்காடுமன்றமாகிவிடும். நடுவர் சொல்வதே சட்டமென்று விட்டுவிட்டாலோ ஆடுவோர் மனத்தில் கசப்பு விளையும். ஆகவே மேசையின் நடுவே விதிநூல் ஒன்று வேண்டியதாயிற்று. அது நண்பர்களுக்கிடையே வைக்கப்பட்ட ஒரு பொதுச் சாட்சி. நல்ல சாட்சிக்கு வேண்டிய இலக்கணம் மூன்று: அழைத்தவுடன் வரவேண்டும்; எல்லாருக்கும் பொதுவாக இருக்கவேண்டும்; நேற்றுச் சொன்னதை இன்று மாற்றலாகாது. அச்சுநூல் இருந்த இடத்தில் டேப்லெட் கணினியும் மின்னூலும் வந்து அமர்ந்துவிட்ட இக்காலத்தில், இப்புதிய சாட்சி அம்மூன்று இலக்கணங்களுக்கும் எத்துணைப் பொருந்துகிறது என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

இவ்வாட்டத்தின் தோற்றம் மிக எளிமையானது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கொன்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவர் காப்புறுதிக் கம்பனியொன்றில் வேலை பார்த்தவர். அவ்வேலை போனபின் பாதணி திருத்தும் தொழிலையும் செய்தவர். சிறு படைவீரர் பொம்மைகளை வைத்துப் போர் நடத்தும் ஆட்டங்களில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனோ, ஒரு படை முழுவதையும் நடத்துவதை விட்டு, ஒவ்வொருவரும் ஒரேயொரு மாந்தராக நின்று ஆடும் முறையைத் தம் நண்பர்களோடு ஆடிவந்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிலவறைகளும் பறக்கும் நாகங்களும் என அப்பெயரைத் தமிழில் கூறலாம். முதலில் அச்சிட்டவை 1,000 பிரதிகள். ஒன்றின் விலை 10 டொலர். ஒரு பெட்டி, அதனுள் ஏறக்குறைய நாற்பது பக்கங்கொண்ட மூன்று சிறு நூல்கள். ஒரு சிறுவன் தன் பாடப்புத்தகங்களோடு சேர்த்து எடுத்துச் செல்லக்கூடிய சுமைதான் அது.

காலம் செல்லச் செல்ல விதிகள் பெருகின, நூல்களும் பருத்தன. 1977 முதல் 1979 வரை கெட்டி அட்டை கட்டிய மூன்று பெரிய நூல்கள் வெளிவந்தன. 2009ஆம் ஆண்டில் வேறொரு பதிப்பகம் வெளியிட்ட 'பாத்ஃபைண்டர்' என்னும் ஆட்டத்தின் மூலநூல் 576 பக்கங்களைக் கொண்டது. 2014இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூல்கள் மூன்றும் சேர்ந்து ஆயிரம் பக்கங்களை நெருங்கின. ஒவ்வொன்றின் விலையும் 49.95 டொலர். நண்பர் வீட்டுக்கு ஆடச் செல்லும் நடுவர், விதிநூல்கள், பூதங்களின் பட்டியல், தேசப்படங்கள், கதைக்குறிப்புகள் ஆகியவற்றை ஒரு பையில் கட்டித் தோளில் தொங்கவிட்டால், பிரயாணம் போகிறவர் போலத் தோன்றுவார். பேருந்தில் செல்பவர்க்கு அது பெருந்தொல்லை. பணம் குறைந்த மாணவர்க்கோ நூலின் விலை அதனினும் பெருந்தொல்லை.

இந்நிலையில் மின்னூல் வந்தது. அடோபி நிறுவனம் 1993இல் அறிமுகப்படுத்திய பி.டி.எஃப். என்னும் கோப்புமுறை, அச்சிட்ட பக்கத்தின் உருவத்தை எள்ளளவும் மாறாமல் கணினித் திரையில் காட்டவல்லது. 2001ஆம் ஆண்டளவில் ஆட்ட நூல்களை இம்முறையில் விற்கும் இணையக் கடைகள் தோன்றின. அச்சில் நின்றுபோய், பழைய புத்தகக் கடைகளில் அரிதாகக் கிடைத்த நூல்களும் சில டொலர் விலைக்குக் கிடைக்கலாயின. முன்னர் குறிப்பிட்ட 576 பக்க நூல் அச்சில் 49.99 டொலருக்கும், மின்னூலாக 9.99 டொலருக்கும் விற்கப்பட்டது. அதாவது விலையில் ஐந்தில் ஒரு பங்கு. எனினும் அந்நாளில் மின்னூலைப் படிக்க மேசைக் கணினியின் முன் அமரவேண்டியிருந்தது. மடிக்கணினியைக் கொண்டு சென்றாலோ, அதன் திறந்த மூடி நடுவருக்கும் ஆடுவோருக்கும் நடுவே ஒரு மதில் போல நின்றது.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அப்பிள் நிறுவனத்தின் ஐபேட் விற்பனைக்கு வந்தபோதுதான் அம்மதில் அகன்றது. ஏறக்குறைய ஒன்றரை இறாத்தல் நிறை, 9.7 அங்குலத் திரை. மேசைமேல் ஒரு தட்டைப் போலக் கிடக்கும். பின்னர் வேறு பல நிறுவனங்களும் இத்தகைய டேப்லெட்டுகளைச் செய்தன. இதற்கு முன்னரே, 2007இல், அமேசான் நிறுவனத்தின் கிண்டில் என்னும் படிப்புக் கருவி வந்திருந்தது. ஆனால் நாவல் படிக்கச் சிறந்த அக்கருவி ஆட்ட நூலுக்கு உதவவில்லை. காரணம் எளிது. நாவலின் எழுத்து, பாத்திரத்துக்கேற்ப வடிவெடுக்கும் நீரைப் போன்றது. திரை சிறிதானால் வரியும் சிறிதாகி ஓடும். ஆட்ட நூலின் பக்கமோ இரண்டு பத்திகளாக அமைந்து, நடுவே அட்டவணைகளும் ஓரத்தில் படங்களும் பெட்டிச் செய்திகளும் பெற்றிருப்பது. எந்த அட்டவணை எந்த விதிக்கு அருகே நிற்கிறது என்பதும் பொருளின் ஒரு பகுதியே. அதை நீராக உருக்கி ஓடவிட்டால் அட்டவணை சிதறும். உருமாறாமல் ஆறங்குலத் திரையில் அடக்கினால் எழுத்து எறும்பாகும். ஏறக்குறைய பத்தங்குலத் திரை கைக்கு வந்தபோதுதான் பக்கத்தை ஒருசேரக் காணமுடிந்தது. 2012இல் வந்த ஐபேட்டின் திரை, நீளத்திலும் அகலத்திலும் முன்னதைவிட இருமடங்கு புள்ளிகளைக் கொண்டிருந்தமையால், பொடி எழுத்தும் அச்சைப் போலத் தெளிந்தது.

இனி முதலாவது இலக்கணத்தைக் காண்போர், அழைத்தவுடன் வரும் சாட்சியா மின்னூல் என்று கேட்பர். ஒரு சொல்லைத் தட்டெழுதியவுடன் அது நூலில் வரும் இடமெல்லாம் திரையில் வரிசையாக நிற்கிறது. பொருளடக்கத்திலுள்ள தலைப்பைத் தொட்டவுடன் அவ்வதிகாரம் திறக்கிறது. இருபது நூல்கள் இருந்தாலும் சுமை ஒன்றே. இவை மறுக்கமுடியாத நன்மைகள்.

ஆயினும் சொல்லைத் தேடுவது வேறு. பொருளைத் தேடுவது வேறு. வாள்வீரன் நெருப்புக்குள் விழுந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டால், நெருப்பு என்ற சொல்லைத் தேடும் நடுவருக்கு அச்சொல் வரும் இடங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அவற்றுள் எது வேண்டிய விதி என்பதைக் கருவி அறியாது. அறிவுடைய ஒருவர் அமர்ந்து தொகுத்த சொல்லடைவோ நேரே அப்பக்கத்தைக் காட்டிவிடும். மேலும், அடிக்கடி திறந்த அச்சுநூல் வேண்டிய இடத்தில் தானே விரியும். அந்த அட்டவணை இடப்பக்கத்தின் கீழே இருந்தது என்பதைக் கையும் கண்ணும் நினைவில் வைத்திருக்கும். மூன்று பக்கங்களுக்கு இடையே மூன்று விரல்களை வைத்து மாறிமாறிப் பார்க்கவும் முடியும். திரையிலோ ஒரு வேளையில் ஒரு பக்கமே. மேசையைச் சுற்றி நால்வர் மூச்சடக்கிக் காத்திருக்க, நடுவர் தலைகுனிந்து திரையைத் தடவிக்கொண்டிருந்தால், குகைக்குள் கேட்ட மூச்சோசை பறந்துவிடும். அரை நிமிட மௌனத்தில் ஒரு மணிநேரக் கற்பனை கலைந்துவிடக்கூடும்.

இதற்குப் பரிகாரம் கருவியில் இல்லை, முன்னேற்பாட்டில் இருக்கிறது. அனுபவமுள்ள நடுவர் ஆட்டத்துக்கு முந்திய நாளே அன்றைய கதைக்கு வேண்டிய பக்கங்களில் அடையாளமிட்டு வைப்பார். அன்று எதிர்ப்படக்கூடிய நான்கைந்து பூதங்களின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்வார். அடிக்கடி வேண்டப்படும் அட்டவணைகளை அச்சிட்டு முன்னே வைப்பார். பல பதிப்பகங்கள் பின்னணிப் படமில்லாத எளிய பிரதியொன்றையும் அச்சிடுவதற்கென மின்னூலோடு சேர்த்துத் தருவது இதற்குப் பேருதவி. வீட்டில் ஆயத்தம் செய்யும்போது மின்னூலுக்கு நிகரில்லை. ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் ஒரு தாளுக்கு நிகரில்லை. இரண்டையும் அதனதன் இடத்தில் வைப்பவர்க்கு இரண்டும் துணை.

இரண்டாவது இலக்கணம், எல்லாருக்கும் பொதுவாயிருத்தல். அச்சுநூல் ஒன்று மேசையில் கிடந்தால் அது கைமாறிச் சென்றுகொண்டிருக்கும். வாங்கியவர் ஒருவர், படிப்பவர் ஐவர். புதிதாக வந்த இளைஞர் ஒரு காசும் கொடாமல் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதற்கு அதுவே வழியாயிருந்தது. மின்னூல் அவ்வாறன்று. இணையக் கடைகள் விற்கும் பல கோப்புகளில் பக்கத்தின் அடியில் வாங்கியவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கோப்பைப் படியெடுத்தல் மிக எளிதாதலால், எழுதியவருக்கும் ஓவியருக்கும் சேரவேண்டிய ஊதியம் போய்விடும் என்ற அச்சத்தின் விளைவு அது. அவ்வச்சம் பொய்யானதன்று. புத்தகத்தை இரவல் கொடுத்தால் கொடுத்தவர் கையில் நூல் இராது. கோப்பைக் கொடுத்தாலோ இருவர் கையிலும் இருக்கும். ஆகவே பழைய இரவல் வழக்கத்தை அப்படியே புதிய பொருளுக்கு நீட்டுதல் நேர்மையாகாது.

எனினும் நடுநிலையான வழிகளைச் சிலர் கண்டிருக்கின்றனர். ஊர்க்கடையில் அச்சுநூலை வாங்குவோருக்கு மின்னூலை விலையின்றி வழங்கும் ஏற்பாடொன்றைச் சிறு பதிப்பகங்கள் சில 2010இல் கூடித் தொடங்கின. கடைக்காரரும் பிழைத்தார், வாங்கியவருக்கும் இரண்டு நூல் கிடைத்தது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் அடிப்படை விதிகளின் சுருக்கம் 2014இல் இலவசக் கோப்பாக வெளிவந்தது. பணமில்லாத மாணவரும் ஆட்டத்தில் சேர அது வாயில் திறந்தது.

பொதுமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒவ்வொருவர் முன்னும் ஒரு திரை ஒளிவிட்டால், நூல் எல்லார்க்கும் கிட்டியதென்னவோ உண்மை. ஆனால் திரை நூலை மட்டும் காட்டுவதன்று. செய்திகளும் படங்களும் அங்கேயே காத்திருக்கின்றன. பிறர் பேசும் வேளையில் கண் அங்கே போகும். கண் போனவழியே மனமும் போகும். குரலால் நடக்கும் ஆட்டத்தில் கேட்டலே உயிர். தம் முறை வந்தபோது, "இப்பொழுது என்ன நடந்தது?" என்று ஒருவர் வினவினால், அவர் அதுவரை அங்கே இருந்திலர் என்பதே பொருள். இதனால் சில குழுவினர் மேசைக்கு ஒரே டேப்லெட் என்று வரையறுத்துக்கொண்டுள்ளனர். தம் பாத்திரத்தின் விவரத்தை ஆடுவோர் பென்சிலால் தாளில் எழுதிவைக்கின்றனர். பழையதை அழித்து எழுதிய தழும்புகள் நிறைந்த அத்தாள், அப்பாத்திரம் பட்ட காயங்களின் வரலாறாகவே ஆகிவிடுகிறது.

மூன்றாவது இலக்கணமே தலையாயது: சாட்சி சொல் மாறலாகாது; சொல்லாமல் மறையவும் கூடாது. அச்சுநூலைப் பொறுத்தவரை இப்படியொரு கேள்வி எழுந்ததேயில்லை. வாங்கிய நூல் வாங்கியவர் அலுமாரியில் இருக்கும். பதிப்பகம் மூடப்பட்டாலும் இருக்கும். மின்னூலின் நிலை வேறு என்பதை 2009ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, அந்நாளில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உரிமையைப் பெற்றிருந்த விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் பி.டி.எஃப். நூல்கள் அனைத்தின் விற்பனையையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டது. புதிய நூலொன்றைத் திருட்டுத்தனமாகப் பரப்பினர் என்று எண்மர்மீது அது வழக்கும் தொடுத்தது. தன் உடைமையைக் காக்க நினைத்தது குற்றமன்று. ஆனால் பணம் கொடுத்து வாங்கி, கடையின் கணக்கிலேயே நூலை விட்டுவைத்திருந்த நேர்மையான வாடிக்கையாளர், அதை மீண்டும் இறக்கிக்கொள்ளும் வழியை இழந்தனர். தம் கணினியில் படி வைத்திருந்தோர் தப்பினர். அந்நூல்கள் மீண்டும் விற்பனைக்கு வரத் தொடங்கியது 2013 ஜனவரியில். இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்.

அதே 2009ஆம் ஆண்டு ஜூலையில், விற்கும் உரிமையில்லாத ஒருவர் விற்றார் என்ற காரணத்தால், ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய இரு நாவல்களின் பிரதிகளை அமேசான் நிறுவனம் வாசகர் கையிலிருந்த கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். எனினும், கையிலிருக்கும் நூலை எங்கிருந்தோ ஒருவர் எடுத்துவிட முடியும் என்ற உண்மை அன்று வெளிப்பட்டது.

பின்னர் வேறொரு முறை வந்தது. 2017இல் தொடங்கிய 'டி அண்ட் டி பியொண்ட்' என்னும் இணையச் சேவையில் நூலை வாங்குவோர், தம் கணக்கினுள் அதைப் படிக்கலாம். பாத்திரத்தின் விவரத்தாளும் அங்கேயே அமையும். கூட்டல் கழித்தலைச் சேவையே செய்துவிடும். புதியவர்க்கு இது மிக வசதி. ஆனால் 2024 ஆகஸ்ட் மாதம், புதிய பதிப்பு வெளிவரும் தறுவாயில், விவரத்தாள்களிலுள்ள மந்திரங்களும் மாயப்பொருள்களும் புதிய விதிகளுக்கேற்ப மாற்றப்படும் என்ற அறிவித்தல் வந்தது. பழைய விதிப்படி பாதிக்கதையில் நின்ற மேசைகள் பல. அவற்றிலிருந்து எழுந்த எதிர்ப்பைக் கண்டு சில நாள்களுக்குள் அம்முடிவு கைவிடப்பட்டது. நிறுவனம் செவிசாய்த்தது பாராட்டத்தக்கதே. ஆயினும் மேசையின் சாட்சியை மேசைக்கு வெளியே உள்ளவர் மாற்றக்கூடும் என்ற நிலைமையே சிந்தனைக்குரியது. அச்சுப்பிழையைத் திருத்துவது நன்மையாகலாம். ஆனால் திருத்தத்தை ஏற்பதா மறுப்பதா என்பதை ஆடுவோர் தீர்மானிக்கவேண்டும்.

இவ்வகையில் நம்பிக்கை தரும் நிகழ்ச்சியும் உண்டு. 2023 ஜனவரியில், ஆட்டத்தின் விதிகளைப் பிறர் பயன்படுத்தும் பழைய உரிமத்தை மாற்றும் முயற்சி பெருங்கிளர்ச்சியை எழுப்பியது. முடிவில் அம்மாதம் 27ஆம் தேதி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. வழங்கியவராலும் மீளப்பெற முடியாத உரிமம் அது. மூலத்தைக் குறிப்பிட்டு, எவரும் அவ்விதிகளைப் படியெடுக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், தமிழில் ஒரு விதிநூல் செய்யவும் தடையில்லை.

ஆகவே டேப்லெட்டை மேசைக்கு அழைப்போர் கைக்கொள்ளவேண்டியவை சிலவே. கோப்பாகக் கிடைக்கும் நூலைக் கடையின் கணக்கில் மட்டும் விட்டுவையாமல் தம் வீட்டிலும் இரண்டிடத்தில் படி வைத்துக்கொள்ளவேண்டும். சேவையின் கணக்கினுள் மட்டும் வாழும் நூலை வாங்குவோர், தாம் வாங்குவது நூலன்று, படிக்கும் அனுமதியே என்பதை அறிந்து வாங்கவேண்டும். நெடுங்காலம் ஆட எண்ணியிருக்கும் ஆட்டத்துக்கு மூலநூல் ஒன்றையாவது அச்சில் வைத்திருத்தல் நன்று. விவரத்தாளைப் பென்சிலால் எழுதிக்கொள்ளவேண்டும். ஆட்ட நாளில் மின்னேற்றம் செய்ய மறவாதிருக்கவேண்டும். எந்த விதியையும் ஒரு நிமிடத்துக்குள் காணமுடியாவிட்டால், நடுவர் அப்போதைக்கு ஒரு தீர்ப்புச் சொல்லிக் கதையை நடத்திவிட்டு, ஆட்டம் முடிந்தபின் நூலைப் பார்க்கவேண்டும்.

1974இல் பெட்டியைத் திறந்தவர் கண்டவை மூன்று சிறு நூல்கள். கதையை அவர்களே படைத்துக்கொண்டனர். இன்று ஒன்றரை இறாத்தலுக்கும் குறைந்த பலகைக்குள் ஒரு நூலகமே அடங்குகிறது. சுமை குறைந்தது பெரும்பேறு. அச்சுநூலோடு கூடவே கிடைத்த உடைமையும் பொதுமையும் மட்டும் மின்னூலில் தாமாக வருவதில்லை. அவற்றை ஆடுவோர் விழிப்பாயிருந்து காத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. அவ்விழிப்பு இருக்கும் மேசையில் திரை சற்று மங்கலாக ஓரத்தில் கிடக்கும். இருபது முகப் பகடை நடுவே உருளும். ஐந்து முகங்களும் ஒன்றையொன்று நோக்கியிருக்கும்.